ஆறு தப்பு டின்கள்

செக்காலை ரோட்டில்
ஜபருல்லா அண்ணன் பெயின்ட் கடை.
வண்ணம் கலக்கும் இயந்திரம் என் பொறுப்பு.
வெள்ளை டின்னை வைத்து எண்ணைத் தட்டினால்
எந்தக் குழாயில் எத்தனை சொட்டு என்று
அதுவே பார்த்துக்கொள்ளும்.
குலுக்கி எடுத்து
மூடியில் ஒரு பொட்டு வைத்துக் கொடுப்பேன்.

பள்ளத்தூரில் பல் ஆஸ்பத்திரி வைத்திருக்கும் உமையாள்
மாசி மாதம் ஒரு மத்தியானம் வந்தார்.
போனில் ஒரு படம்.
ஊரணிக்கு மேல் வானம், மணி ஆறு இருபது.
"நோயாளிங்க உட்கார்ற ரூமுக்கு
இந்தக் கலர் வேணும்.
பிள்ளைங்க பாத்துக்கிட்டே இருக்கணும்,
அழக் கூடாது."

முதல் டின்னைத் திறந்தேன்.
"இது மாம்பழம்" என்றார்.
இரண்டாவது, செங்கல்.
மூன்றாவதற்கு உதட்டைப் பிதுக்கினார்.
"பல்லுக்கு மட்டும் பதினாறு வெள்ளை இருக்கு.
பதினாறும் எனக்குக் கண்ணாலேயே தெரியும்.
என்கிட்ட சும்மா சொல்லாதீங்க."

அந்த வாரம் முழுக்க
கடை ஷட்டருக்கு வெளியே நின்று
மேற்கைப் பார்த்தேன்.
பஸ் ஸ்டாண்டு மறைத்ததுபோக மிச்சம் இருந்த மேற்கு.
ஒரு நாள் போல ஒரு நாள் இல்லை.
லாரி கிளப்பிய செம்மண் புழுதி அடங்காத அன்று
பழைய பித்தளை.
காலம் தப்பி ஒரு மழை பெய்து விட்ட அன்று
கண் கூசும் செவ்வரளி.

என் இயந்திரத்துக்குக் கூட்டத்தான் தெரியும்.
மஞ்சள் எட்டு, சிவப்பு மூன்று, கறுப்பு அரை.
விழுந்த சொட்டைத் திரும்ப எடுக்க வழியில்லை.
வானத்தில் யாரும் எதையும் ஊற்றவில்லை.
உச்சிவெயில் காற்றைக் குறுக்கே தாண்டி
சட்டென்று வந்துவிடுகிறது.
சாயும் வெயிலோ
காற்றின் நீளவாக்கில் வர வேண்டியிருக்கிறது.
வழியெல்லாம் நீலம்
மோதி மோதி நாலா பக்கமும் தெறித்துப்போக,
அதிகம் சிதறாத சிவப்பு
கடைசியில் காரைக்குடி வந்து சேர்கிறது.

இதுவரை பிளஸ் டூ பாடம்.
பாடத்தில் இல்லாத ஒன்று
டின் குலுங்கும் சத்தத்தில் தோன்றியது:
தெறித்த நீலம் எங்கே விழுந்தது?

தேனிப் பக்கம்.
எங்களுக்கு அடையும் நேரத்தில்
அங்கே இன்னும் ஐந்து நிமிடப் பகல் மிச்சம்.
மொட்டைமாடியில் துணி எடுக்கும் ஒருத்திக்கு மேலே
வானமாக இருக்கிறது
எங்களுக்கு வராமல் போன நீலம்.
அவள் எங்களைக் கேட்கவில்லை.
நாங்களும்தான் கேட்டோமா?
ஐந்து நிமிடம் முன்பு
எங்கள் தலைக்கு மேல் நீலத்தைப் பிடித்துக்கொண்டு
மிச்சத்தைக் கடல் தாண்டி அனுப்பினோம்.
யாழ்ப்பாணத்தில் யாரோ
சிவந்த தண்ணீரைப் பார்த்து நின்றிருப்பார்கள்.

உமையாளிடம் இதைச் சொல்லவில்லை.
நான் சொல்ல வாயெடுத்தபோது
அவர் ஆறாவது டின்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
நெருங்கி வந்துவிட்டது, எனக்கே தெரிந்தது.
ரொம்ப நேரம் பார்த்தார்.
"வேண்டாம். பல் ஆஸ்பத்திரியில இந்தச் சிவப்பு...
பிள்ளைங்க ரத்தம்னு நினைச்சுக்கும்."
வெள்ளை வாங்கிப் போனார்.
பதினாறில் எது என்று கேட்கவில்லை.

ஆறு டின்னும் என் சம்பளத்தில்.
பாதி விலைதான் போட்டார் ஜபருல்லா அண்ணன்,
அவர் மேல் குறை சொல்ல முடியாது.

கழனிவாசலில் என் வாடகை வீடு.
மேற்கு ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில்
ஞாயிற்றுக்கிழமை பட்டை பட்டையாக அடித்தேன்:
மாம்பழம், செங்கல், பெயர் வைக்காத மூன்று,
கடைசியில் ரத்தம்.
பகலில் பார்க்கச் சகிக்காது.
சர்க்கஸ் கூடாரம்.

ஆறு இருபதுக்கு
ஜன்னல் வழியே வெயில் சுவரில் ஏறும்.
மாம்பழம் எங்கே முடிகிறது,
செங்கல் எங்கே தொடங்குகிறது,
விரலால் தடவினாலும் தெரியாது.
நாலு நிமிடம், சில நாள் ஐந்து.
பிறகு டியூப்லைட் போடுவேன்.
ஆறும் தனித்தனியாக வந்து நிற்கும்.

வீட்டுக்காரர் இன்னும் பார்க்கவில்லை.
ஒன்றாம் தேதி வருவார்.
சாயங்காலமாக வரச் சொல்ல வேண்டும்.